தொலைதூர கேலக்ஸிகளைக் கொண்டு மறுஅயனியாக்கத்தைப் படிப்பது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு

பெருவெடிப்பு நடந்து ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் ஆனபோது, பிரபஞ்சம் போதுமான அளவு குளிர்ந்து, எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் சேர்ந்து நடுநிலை ஹைட்ரஜன் அணுக்களாயின. இன்று கேலக்ஸிகளுக்கு இடைப்பட்ட வெளியில் உள்ள ஹைட்ரஜனைப் பார்த்தால், கிட்டத்தட்ட எல்லாமே எலக்ட்ரானைப் பறிகொடுத்து அயனிகளாகத்தான் இருக்கிறது. ஆக, இடையில் ஏதோ ஒன்று அந்த அணுக்களை மறுபடி உடைத்திருக்கிறது. இதுதான் மறுஅயனியாக்கம். பெருவெடிப்பிலிருந்து சுமார் 100 கோடி ஆண்டுகளில் அது முடிந்துவிட்டது.

அது எப்போது தொடங்கியது, எது செய்தது, எப்படிப் பரவியது? இந்தக் கேள்விகளுக்கு ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவுகளில் இப்போது நேரடியாகப் பதில் தேட முடிகிறது. அந்தத் தரவுகளில் பெரும்பகுதி யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடியது. ப்ளஸ் டூ இயற்பியலும் கொஞ்சம் பைத்தானும் தெரிந்த ஒருவர் எங்கிருந்து தொடங்கலாம், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன்: இரண்டு கேள்விகளைப் பிரித்து வையுங்கள்

இந்த ஆய்வில் கேலக்ஸிகளுக்கு இரண்டு வேலை. ஹைட்ரஜனை உடைத்த புறஊதா ஒளியைப் பெரும்பாலும் தந்தவை அவையே என்று கருதுகிறோம். அப்படியானால் அவற்றிடம் போதுமான ஒளி இருந்ததா என்று கணக்குப் பார்க்க வேண்டும். அடுத்தது, அவற்றின் ஒளி நம்மை நோக்கி வரும் வழியில் உடையாமல் மிச்சமிருந்த ஹைட்ரஜனைக் கடந்து வருகிறது. அந்த ஒளியில் எது குறைந்திருக்கிறது என்று பார்த்து, வழியில் எவ்வளவு ஹைட்ரஜன் இருந்தது என்று அளக்கலாம். காரணமும் கேலக்ஸிதான், சாட்சியும் கேலக்ஸிதான். ஒரு ஆய்வைப் படித்தாலும் நீங்களே ஒன்றை அளந்தாலும், இது எந்தக் கேள்விக்கான பதில் என்று முதலில் கேளுங்கள். புதிதாக வருவோர் குழம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கேலக்ஸி மையத்துப் பெரிய கருந்துளையால் மிகப் பிரகாசமாக ஒளிரும் குவேசார்கள் இருக்கும்போது மங்கலான கேலக்ஸிகள் எதற்கு என்று கேட்கலாம். குவேசார் ஒளியில் நடுநிலை ஹைட்ரஜனின் உட்கவர்தலைத் தேடலாம் என்று 1965-இல் ஜேம்ஸ் கன்னும் புரூஸ் பீட்டர்சனும் காட்டினார்கள். 2001-இல் செம்பெயர்ச்சி (பிரபஞ்ச விரிவால் ஒளி எவ்வளவு நீண்டிருக்கிறது என்ற எண்; அது கூடக் கூட தூரமும் பழமையும் கூடும்) 6.28 உள்ள ஒரு குவேசாரில் ஒளி முழுக்க மறைந்த பகுதி கிடைத்தது. ஆனால் இந்த முறை அளவுக்கு மீறி நுட்பமானது. பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஹைட்ரஜன் நடுநிலையாக இருந்தாலே அந்தப் பகுதி முழு இருட்டாகிவிடும். அதற்கு மேல் பாதி நடுநிலையா, முழுக்க நடுநிலையா என்று அது சொல்லாது. தவிர, செம்பெயர்ச்சி 7-ஐத் தாண்டிய குவேசார்கள் மிகச் சிலவே. கேலக்ஸிகளோ ஏராளம்.

படி 1: மூன்று எண்களை மனப்பாடம் செய்யுங்கள்

91.2 நானோமீட்டர், 121.6 நானோமீட்டர், அப்புறம் ‘ஒன்று கூட்டல் செம்பெயர்ச்சி’.

91.2 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளமுள்ள ஒளிக்கு 13.6 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் ஆற்றல் உண்டு. அது ஹைட்ரஜனை உடைக்கும். 121.6 என்பது லைமன் ஆல்ஃபா. ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரான் இரண்டாம் நிலையிலிருந்து முதல் நிலைக்கு இறங்கும்போது வெளிப்படும் ஒளி இது. நடுநிலை ஹைட்ரஜன் மிக எளிதாகப் பிடித்துக்கொள்வதும் இதே ஒளியைத்தான்.

பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் ‘ஒன்று கூட்டல் செம்பெயர்ச்சி’ மடங்கு நீள்கிறது. செம்பெயர்ச்சி 7 என்றால் எட்டு மடங்கு: 121.6 நானோமீட்டர் லைமன் ஆல்ஃபா 973 நானோமீட்டரில் வந்து சேரும். செம்பெயர்ச்சி 13 என்றால் 1,702 நானோமீட்டர். புறஊதாவில் கிளம்பியதை அகச்சிவப்பில் பிடிக்க வேண்டியிருப்பது இதனால்தான். 6.5 மீட்டர் ஆடியுடன் 2021 டிசம்பர் 25-இல் ஏவப்பட்ட வெப் இந்தத் துறையைத் தலைகீழாக மாற்றியதற்கும் இதுவே காரணம்.

பைத்தானில் ஆஸ்ட்ரோபை நூலகத்தை நிறுவுங்கள். அதிலுள்ள பிளாங்க் 2018 அண்டவியல் மாதிரியைக் கொண்டு ஒவ்வொரு செம்பெயர்ச்சிக்கும் பிரபஞ்சத்தின் வயதைக் கணக்கிட்டுப் பாருங்கள். 6-க்கு சுமார் 92 கோடி ஆண்டுகள், 8-க்கு சுமார் 64 கோடி, 10-க்கு 47 கோடி, 13-க்கு 33 கோடி என்று வரும். 13-க்கும் 10-க்கும் இடையில் 14 கோடி ஆண்டுகள்தான்; 8-க்கும் 6-க்கும் இடையிலோ 28 கோடி. செம்பெயர்ச்சி எண்ணை ஆண்டுகளாக மாற்றி யோசிக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

படி 2: கேலக்ஸியைத் தேடிப் பிடித்தல்

செம்பெயர்ச்சி 6-க்கு மேல் 121.6-க்குக் குறைவான அலைநீளங்களை எல்லாம் வழியிலுள்ள ஹைட்ரஜன் விழுங்கிவிடுகிறது. எனவே ஒரு கேலக்ஸி நீண்ட அலைநீள வடிகட்டிகளில் தெரியும், ஒரு எல்லைக்குக் கீழே சட்டென்று காணாமல் போகும். இதற்கு லைமன் முறிவு என்று பெயர். எந்த வடிகட்டியில் காணாமல் போகிறது என்பதை வைத்து தூரத்தை மதிப்பிடலாம். வெப்பின் நிர்கேம் கருவியில் எஃப்115டபிள்யூ என்ற வடிகட்டி ஏறத்தாழ 1.0 முதல் 1.28 மைக்ரோமீட்டர் வரை பார்க்கும். அதில் தெரியாமல் எஃப்150டபிள்யூவில் பளிச்சென்று தெரிந்தால், செம்பெயர்ச்சி 10 வாக்கில் இருக்கலாம் என்று சந்தேகிக்கலாம்.

சந்தேகிக்கலாம், அவ்வளவுதான். சியர்ஸ்-93316 என்ற பொருள் இதற்கு நல்ல பாடம். வெப்பின் முதல் படங்களிலிருந்து அதன் செம்பெயர்ச்சி 16-க்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். 2023-இல் நிறமாலை எடுத்துப் பார்த்தபோது 4.9 என்று வந்தது. தூசு படிந்த ஒரு கேலக்ஸியின் ஆக்சிஜன், ஹைட்ரஜன் உமிழ்கோடுகள் சரியாக நீண்ட அலைநீள வடிகட்டிகளுக்குள் விழுந்து, அவற்றின் பிரகாசத்தைக் கூட்டிக் காட்டியிருந்தன. அதே ஆய்வில் ‘மெய்ஸி கேலக்ஸி’ என்ற இன்னொன்றுக்கு 11.4 என்ற செம்பெயர்ச்சி உறுதியானது. படத்தை வைத்து மட்டும் இந்த இரண்டில் எது மெய், எது போலி என்று அப்போது யாராலும் சொல்லியிருக்க முடியாது.

நம் பால்வெளியிலேயே உள்ள பழுப்புக் குறுமீன்களும் (விண்மீனாகும் அளவுக்கு நிறை இல்லாத மங்கலான பொருள்கள்) இதேபோல ஏமாற்றும். ஈஸி என்ற மென்பொருளில் வடிகட்டி அளவீடுகளைக் கொடுத்தால், ஒவ்வொரு செம்பெயர்ச்சிக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று வரைந்து காட்டும். உயரமான முகட்டை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். குறைந்த செம்பெயர்ச்சியில் சின்னதாக இரண்டாவது முகடு இருந்தால், அந்தப் பொருளை நம்புவதற்கு முன் நிறமாலை வேண்டும்.

படி 3: நிறமாலையால் உறுதிசெய்தல்

வெப்பின் நிர்ஸ்பெக் கருவி 0.6 முதல் 5.3 மைக்ரோமீட்டர் வரை நிறமாலை தரும். கோபன்ஹேகனில் உள்ள காஸ்மிக் டான் மையம் நடத்தும் காப்பகத்தில், பல குழுக்கள் எடுத்த நிறமாலைகள் ஒரே முறையில் சுத்தம் செய்யப்பட்டு, நம்பகத்தன்மை மதிப்பெண்ணோடு கிடைக்கின்றன. மூலத் தரவு வேண்டுமென்றால் பால்டிமோரில் உள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனத்தின் மேஸ்ட் காப்பகம் இருக்கிறது. முதல் தடவை மூலத் தரவில் கை வைக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. சுத்தம் செய்த நிறமாலையில் இயற்பியலைப் படித்துவிட்டு, அப்புறம் அந்தப் பக்கம் போகலாம்.

நிறமாலையைத் திறந்ததும் ஆக்சிஜன் ஜோடியைத் தேடுங்கள். 495.9, 500.7 நானோமீட்டரில் இரண்டு கோடுகள், பிரகாசம் சுமார் 1-க்கு 3 என்ற விகிதத்தில். பக்கத்திலேயே 486.1-இல் ஹைட்ரஜன் பீட்டா. செம்பெயர்ச்சி 7-இல் ஆக்சிஜனின் பெரிய கோடு 4.0 மைக்ரோமீட்டருக்கு அருகே நிற்கும். மூன்றும் சரியான இடைவெளியில் கிடைத்தால் தூரத்தைப் பற்றிய சண்டை முடிந்தது. செம்பெயர்ச்சி 9.5 வாக்கில் இந்த ஜோடி நிர்ஸ்பெக்கின் எல்லையைத் தாண்டிவிடும். அதற்கு மேல் லைமன் முறிவையும் மங்கலான மற்ற கோடுகளையும் நம்ப வேண்டியிருக்கும்.

முறிவை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 நல்ல உதாரணம். 2024-இல் முறிவை வைத்து 14.32 என்று அளந்தார்கள். பிறகு சிலியில் உள்ள ஆல்மா தொலைநோக்கி அதே கேலக்ஸியில் ஆக்சிஜன் கோடு ஒன்றைப் பிடித்தது, 14.18 என்று திருத்தம் வந்தது. கேலக்ஸிக்கு உள்ளேயும் அருகிலும் அடர்ந்த ஹைட்ரஜன் இருந்தால் முறிவு நீண்ட அலைநீளப் பக்கம் தள்ளிப்போகும், செம்பெயர்ச்சி கூடுதலாகத் தெரியும். இந்த விஷயம் அடுத்த படியில் மறுபடி வரும்.

படி 4: லைமன் ஆல்ஃபாவைச் சாட்சிக்கு அழைத்தல்

இந்தத் துறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, இங்கே நேரம் செலவழியுங்கள்.

இளம் விண்மீன்கள் தங்களைச் சுற்றியுள்ள ஹைட்ரஜனை உடைக்கின்றன. அது மீண்டும் சேரும்போது லைமன் ஆல்ஃபா ஏராளமாகப் பிறக்கிறது. வெளியே கேலக்ஸிகளுக்கு இடையில் நடுநிலை ஹைட்ரஜன் இருந்தால் அந்த ஒளியைப் பிடித்து வேறு திசைகளில் சிதறடிக்கும். நமக்கு வந்து சேராது. ஆனால் கேலக்ஸியைச் சுற்றி ஏற்கெனவே ஒரு பெரிய அயனிக் குமிழி உருவாகியிருந்தால் கதை மாறும். ஒளி அந்தக் குமிழிக்குள் பயணிக்கும்போதே பிரபஞ்சம் விரிந்து, அதன் அலைநீளம் கொஞ்சம் நீண்டுவிடும். குமிழியின் விளிம்பில் நடுநிலை ஹைட்ரஜனைச் சந்திக்கும்போது அது 121.6-இல் இருக்காது, எளிதில் பிடிபடாது. இப்படித் தப்பிக்க குமிழியின் ஆரம் சுமார் 30 லட்சம் ஒளியாண்டாவது இருந்தால் நல்லது.

காய்ந்த மண்ணில் மழையின் முதல் துளிகள் விழும்போது தனித்தனிப் புள்ளிகள் தெரிந்து, பிறகு அவை ஒன்றோடொன்று சேர்ந்து தரை முழுவதும் நனைவதுபோல, இந்தக் குமிழிகளும் தனித்தனியே தொடங்கி, வளர்ந்து, இணைந்தன. இதனால் ஒரே காலகட்டத்தில் வானத்தின் ஒரு திசையில் லைமன் ஆல்ஃபா தாராளமாகக் கிடைக்கும், இன்னொரு திசையில் கிடைக்காது. செம்பெயர்ச்சி 7.7-லும் 8.7-லும் லைமன் ஆல்ஃபா காட்டிய கேலக்ஸிகள் 2015-இல் சப்தரிஷி மண்டலத்துக்கு அருகே, ஒரே சின்ன வானப்பகுதியில் கிடைத்தது இப்படித்தான்.

கணிப்பு என்ன? பின்னோக்கிப் போகப் போக கேலக்ஸிகள் இளமையாகவும் தூசு குறைவாகவும் இருக்கும், ஆகவே லைமன் ஆல்ஃபா காட்டும் கேலக்ஸிகளின் பங்கு கூட வேண்டும். செம்பெயர்ச்சி 6 வரை அப்படித்தான் கூடுகிறது. 7-இல் சட்டென்று விழுகிறது. 2010-ஐ ஒட்டி கெக், விஎல்டி தொலைநோக்கிகளில் இதைக் கண்டார்கள். ஹவாயில் உள்ள சுபாரு தொலைநோக்கியில் குறுகிய வடிகட்டிகளைக் கொண்டு 5.7, 6.6, 7.3 செம்பெயர்ச்சிகளில் இத்தகைய கேலக்ஸிகளை எண்ணியதிலும் குறைவு தெரிந்தது. 7-ஐச் சுற்றி ஹைட்ரஜனில் பாதியளவு இன்னும் நடுநிலையாக இருந்தது என்ற இன்றைய சித்திரத்துக்கு இது ஒரு முக்கியத் தூண். பிளாங்க் செயற்கைக்கோள் அண்ட நுண்ணலைப் பின்னணியிலிருந்து தனியாக அளந்த நடுப்புள்ளியும் 7.7 வாக்கில் இருப்பது நம்பிக்கை தருகிறது.

சரி, உங்கள் கையில் ஒரு நிறமாலை இருக்கிறது. என்ன செய்வது? முதலில் ஹைட்ரஜன் பீட்டா கோட்டின் மொத்த ஒளியை அளந்து, தூசுக்குத் திருத்துங்கள். கேலக்ஸிக்குள் பிறந்த லைமன் ஆல்ஃபா அதைப்போல் ஏறத்தாழ 25 மடங்கு இருக்க வேண்டும் என்று அணு இயற்பியல் சொல்கிறது. நமக்கு வந்து சேர்ந்த லைமன் ஆல்ஃபாவை இதனால் வகுத்தால் எத்தனை சதவீதம் தப்பி வந்தது என்று கிடைக்கும். எனக்கு மிகவும் பிடித்த அளவீடு இது: பிறந்தது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்பதை ஒரே நிறமாலையில் பார்த்துவிடலாம்.

ஆனால் வராத ஒளிக்கு வழியில் உள்ள ஹைட்ரஜன்தான் காரணம் என்று உடனே முடிவு கட்டக்கூடாது. கேலக்ஸியின் சொந்தத் தூசு தின்றிருக்கலாம். சொந்த வாயுவே மறித்திருக்கலாம். அடர்ந்த நடுநிலை ஹைட்ரஜனுக்குள் புதைந்த இளம் கேலக்ஸிகளை வெப் நிறையவே காட்டியிருக்கிறது, அவற்றின் முறிவு வெளி ஹைட்ரஜன் ஏற்படுத்தும் மழுங்கலைப் போலவே தோன்றும். லைமன் ஆல்ஃபா கேலக்ஸியைச் சுற்றி அகலமாகப் பரவும் ஒளி என்பதால், நிர்ஸ்பெக்கின் 0.2 விகலை அகலமுள்ள துளைக்கு வெளியே கொஞ்சம் போயிருக்கலாம். நிர்ஸ்பெக்கின் பட்டக நிறமாலைக்குப் பிரிதிறன் குறைவு, பலவீனமான கோடு அதில் கரைந்துபோகும். ஒரு கேலக்ஸியை வைத்து வெளியின் நிலையைத் தீர்மானிக்க முடியாது. பல கேலக்ஸிகள், பல திசைகள், அவற்றின் சராசரி என்றுதான் போக வேண்டும்.

கணிப்பை மீறும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்13-1 என்ற கேலக்ஸி பெருவெடிப்பிலிருந்து 33 கோடி ஆண்டுகளில் இருந்தது. சுற்றிலும் கிட்டத்தட்ட எல்லாமே நடுநிலை ஹைட்ரஜனாக இருந்திருக்க வேண்டிய காலம் அது. ஆனாலும் 2025-இல் வெளிவந்த ஆய்வில் அதில் பிரகாசமான லைமன் ஆல்ஃபா பதிவாகியிருந்தது. அவ்வளவு சீக்கிரம் அதைச் சுற்றி ஒரு குமிழியை ஊதியது மிகச் சூடான முதல் விண்மீன்களா, கருந்துளையா? திறந்த கேள்வி. துறைக்குள் நுழைய இதைவிட நல்ல நேரம் இல்லை என்று நான் சொல்வது இந்த மாதிரி விஷயங்களால்தான்.

படி 5: ஃபோட்டான் கணக்கு

இப்போது ‘காரணம்’ என்ற கேள்விக்கு வருவோம். மூன்று எண்களைப் பெருக்க வேண்டும்: ஒரு கன மெகாபார்செக்கில் (மெகாபார்செக் என்பது சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) உள்ள கேலக்ஸிகளின் மொத்தப் புறஊதா ஒளி, அந்த ஒளிக்கு எத்தனை அயனியாக்கும் ஃபோட்டான்கள் பிறக்கின்றன என்ற திறன், அவற்றில் எத்தனை பங்கு கேலக்ஸியை விட்டு வெளியேறுகிறது என்ற தப்பிப்பு விகிதம்.

ஒரு மாதிரிக் கணக்கு. செம்பெயர்ச்சி 7-இல் மங்கலானவற்றையும் சேர்த்தால் ஒளி அடர்த்தி சுமார் 10²⁶ எர்க், வினாடிக்கு, ஹெர்ட்ஸுக்கு. திறன் ஹெர்ட்ஸ்/எர்க் அலகில் 10²⁵·³ என்று வையுங்கள், தப்பிப்பு 10 சதவீதம். பெருக்கினால் வினாடிக்கு 2×10⁵⁰ ஃபோட்டான்கள். 50 கோடி ஆண்டுகளுக்கு இது 3×10⁶⁶ ஆகிறது. அதே கன மெகாபார்செக்கில் ஹைட்ரஜன் அணுக்கள் ஏறத்தாழ 5.6×10⁶⁶. அணுவுக்கு ஒரு ஃபோட்டான் கூட இல்லை. உடைந்தவை மறுபடி சேர்வதால் ஒன்றுக்கு மேலேயே தேவை. தப்பிப்பை 20 சதவீதமாக்கினால் ஒன்றைத் தொடுகிறது. சின்ன மாற்றத்தில் விடை புரள்வதை நீங்களே கணக்குப் போட்டு உணர்ந்துகொள்வது நல்லது.

வெப் வந்த பிறகு புரண்டதும் திறன் என்ற எண்தான். ஆபெல் 2744 என்ற கேலக்ஸிக் கொத்தின் ஈர்ப்பு வில்லை பெரிதாக்கிக் காட்டிய எட்டு மிக மங்கலான கேலக்ஸிகளை 2024-இல் ஹக்கிம் அடெக்கும் சகாக்களும் ஆராய்ந்தார்கள். அவற்றின் திறன் முன்பு கருதியதைப்போல் சுமார் நான்கு மடங்கு இருந்தது. அதே ஆண்டில் ஹுலியன் முன்யோஸும் மற்றவர்களும் எதிர்ப்பக்கச் சிக்கலைச் சுட்டிக்காட்டினார்கள்: புதிய எண்களை அப்படியே எடுத்துக்கொண்டால் ஃபோட்டான்கள் மிதமிஞ்சிப்போய், பிளாங்க் அளவீடு அனுமதிப்பதற்கு முன்பே மறுஅயனியாக்கம் முடிந்துவிடும். பல ஆண்டுகளாக ‘போதாது’ என்று கவலைப்பட்ட இடத்தில் இப்போது ‘அதிகம்’ என்ற கவலை.

தப்பிப்பு விகிதத்தை அந்தக் காலத்துக் கேலக்ஸிகளில் நேரடியாக அளக்க வழியில்லை, 91.2-க்குக் குறைந்த ஒளியை வழியிலுள்ள ஹைட்ரஜன் முழுக்க விழுங்கிவிடும். அதனால் அருகிலுள்ள ஒத்த கேலக்ஸிகளில் அளந்து, அங்கே கற்றதைத் தூரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ‘பச்சைப் பட்டாணி’ கேலக்ஸிகள் இதற்குப் பேர்போனவை. 2020-இல் புனேவின் ஐயூகா நிறுவனத்தைச் சேர்ந்த கனக் சாஹா தலைமையிலான குழு, இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட்டைக் கொண்டு செம்பெயர்ச்சி 1.42 உள்ள ஒரு கேலக்ஸியிலிருந்து இத்தகைய ஒளி தப்பி வருவதைப் பதிவு செய்தது. சின்னத் தொலைநோக்கி ஒன்று செய்த பெரிய வேலை அது.

படி 6: முதல் சிறு ஆய்வு

காஸ்மிக் டான் காப்பகத்திலிருந்து, ஆக்சிஜன் ஜோடியால் தூரம் உறுதியான கேலக்ஸிகளை மட்டும் எடுங்கள். 5 முதல் 6.5 வரை ஒரு கூட்டம், 7 முதல் 9 வரை இன்னொரு கூட்டம். இரண்டிலும் புறஊதாப் பிரகாசம் ஒரே வரம்பில் இருக்கட்டும். பிரகாசமானவற்றை மங்கலானவற்றோடு ஒப்பிட்டால் வித்தியாசம் காலத்தால் வந்ததா, பிரகாசத்தால் வந்ததா என்று தெரியாமல் போகும். ஒவ்வொன்றிலும் லைமன் ஆல்ஃபாவின் சம அகலத்தை (கோட்டின் மொத்த ஒளி, பக்கத்திலுள்ள தொடர் ஒளியில் எத்தனை நானோமீட்டர் அகலத்துக்குச் சமம் என்ற அளவை) அளந்து, ‘ஒன்று கூட்டல் செம்பெயர்ச்சி’யால் வகுங்கள். இந்த வகுத்தலை மறந்தால் தூரத்துக் கேலக்ஸிகள் எல்லாம் பொய்யாகப் பலமாகத் தெரியும்.

கோடு தெரியாத கேலக்ஸிகளைத் தூக்கிப் போடாதீர்கள். இரைச்சலைப் பார்த்து, இந்த அளவு பலமான கோடு இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற மேல்வரம்பை ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். நடுநிலை ஹைட்ரஜனைப் பற்றிய தகவலில் பெரும்பங்கு அந்த வரம்புகளில்தான் இருக்கிறது. அப்புறம் 2.5 நானோமீட்டருக்கு, அதாவது ஆய்வுக் கட்டுரைகளில் வழக்கமாக வரும் 25 ஆங்ஸ்ட்ராமுக்கு, மேல் உள்ளவற்றின் பங்கை இரண்டு கூட்டங்களிலும் கணக்கிட்டு, பிழை வரம்போடு வரையுங்கள். கடைசியாக, அதே கணக்கை ஒவ்வொரு வானப்பகுதிக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். பகுதிக்குப் பகுதி விடை மாறினால், அந்தப் பகுதிகளில் ஒரே செம்பெயர்ச்சியில் நெருங்கி நிற்கும் மற்ற கேலக்ஸிகளைத் தேடிப் பட்டியலிடுங்கள். குமிழியை ஊதியவை பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும்.